என்எஃப்எல் ரன்னிங் பேக்: ஓடும் காலமும் ஒப்பந்தக் காலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக். அந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் அடையாளம் கண்டுகொள்வது பந்தை இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்கிற ரன்னிங் பேக்கைத்தான். அவர் ஏன் நான்கைந்து ஆண்டுகளில் காணாமல் போகிறார் என்பது அடுத்த கேள்வியாக வரும். இரண்டுக்கும் சேர்த்து இங்கே பதில்.

ரன்னிங் பேக்குக்கு ஆட்டத்தில் என்ன வேலை?

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். (ஒரு யார்டு மூன்றடி, நம் பழைய கஜம்தான்.) ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை எறியலாம், அல்லது தன் பின்னாலோ பக்கத்திலோ நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடவிடலாம். கபடியில் பாடிப்போகிறவரை ஏழு பேர் மடக்குவதுபோல இங்கே பதினோரு பேர் மடக்க வருவார்கள். ஒரே ஆறுதல், முன்னால் ஐந்து பெரிய தடுப்பாளர்கள் வழி பிளந்துகொடுப்பார்கள்.

ஓடுவது மட்டுமே வேலை என்று நினைத்துவிடக் கூடாது. எறியப்படும் பந்தைப் பிடிக்க வேண்டும். குவார்ட்டர்பேக் எறிவதற்குள் அவரைச் சாய்க்க ஓடிவருகிறவரைக் குறுக்கே நின்று நிறுத்தவும் வேண்டும். இந்த மூன்றாவது வேலை தொலைக்காட்சியில் அதிகம் கண்ணில் படாது. ஆனால் புதிதாக வந்தவரை வெளியே உட்கார வைப்பது பெரும்பாலும் அதுதான்.

உயரமும் எடையும் எவ்வளவு இருக்க வேண்டும்? வேகம் எவ்வளவு முக்கியம்?

பெரும்பாலானவர்கள் 173 முதல் 183 செ.மீ. உயரம், 90 முதல் 102 கிலோ எடை. குள்ளமாக இருப்பது குறையே அல்ல. பெரிய தடுப்பாளர்களுக்குப் பின்னால் மறைந்து வரலாம்; புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் இடித்தாலும் எளிதில் சாய மாட்டார்கள். டெட்ராய்ட் லயன்ஸின் பேரி சாண்டர்ஸ் 173 செ.மீ.தான். டெரிக் ஹென்றி 190 செ.மீ.க்கு இணையான உயரமும் 110 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டவர், அவர் விதிவிலக்கு.

ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸில் நடக்கும் காம்பைன் என்ற தேர்வு முகாமில் 40 யார்டு ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளப்பார்கள். 2008இல் கிறிஸ் ஜான்சன் 4.24 விநாடியில் ஓடினார். அடுத்த ஆண்டு ஆட்டங்களில் 2,006 யார்டு எடுத்தார். ஆனால் எம்மிட் ஸ்மித்தைக் குள்ளம், மெதுவானவர் என்று சொல்லி 1990 டிராஃப்ட்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் நிகழ்வு) மற்ற அணிகள் 16 பேரை முதலில் எடுத்துக்கொள்ள, 17ஆவதாகத்தான் டல்லாஸ் கௌபாய்ஸ் எடுத்தது. இன்றுவரை என்எஃப்எல்லில் அதிக யார்டு ஓடியவர் அவர்தான்: 18,355. நேர்க்கோட்டு வேகத்தைவிட, திறக்கப்போகும் இடைவெளியை அரை விநாடி முன்னால் பார்க்கும் கண்தான் இந்த வேலையில் சோறு போடும்.

பந்தை வாங்கிய பிறகு எங்கே ஓடுவது என்று எப்படி முடிவு செய்கிறார்?

பாதி முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டதுதான். பந்தை வாங்கும்போது குவார்ட்டர்பேக் பக்கத்துக் கையின் முழங்கை மேலே, மற்றக் கை கீழே, நடுவில் வயிற்றோடு ஒரு பை போல இடம். பந்து அதில் விழுந்ததும் இரு கைகளும் மூடும். பந்தைப் பார்க்கவே கூடாது. கண் எதிரணித் தடுப்பின் மேல் இருக்க வேண்டும். குனிந்து பந்தைத் தேடுகிறவர் இடைவெளியைத் தவறவிடுவார்.

ஓட்ட உத்திகளில் பெரிய பிரிவு இரண்டு. ‘கேப்’ வகையில் இன்ன தடுப்பாளருக்கும் இன்ன தடுப்பாளருக்கும் நடுவே என்று வழி முன்பே குறிக்கப்பட்டிருக்கும். தடுப்பாளர் ஒருவர் தன் இடத்தைவிட்டு விலகி வந்து முன்னே போவார். அவர் முதுகை ஒட்டிப் போக வேண்டும். அவசரப்பட்டு அவரை முந்தினால் தடுக்க ஆளில்லாமல் நேரே லைன்பேக்கர் (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நின்று மடக்குகிறவர்) மேல் போய் மோத வேண்டியதுதான்.

‘ஸோன்’ வகை வேறு. தடுப்பாளர்கள் ஐவரும் ஒரே பக்கமாக நகர்வார்கள். ரன்னிங் பேக் ஒரு குறியை நோக்கி ஓடி, எதிரணி எப்படி நகர்கிறது என்று பார்த்து, ஒரே ஒருமுறை காலை ஊன்றித் திரும்ப வேண்டும். வெளிப்பக்கம் இடமிருந்தால் வெளியே, நெரிசலாக இருந்தால் நேரே, எல்லோரும் ஒரே பக்கம் ஓடிவிட்டால் எதிர்ப்பக்கமாக வெட்டிக்கொண்டு உள்ளே. இரண்டாவது முறை திரும்ப நினைத்தால் பின்னாலிருந்து ஆள் வந்துவிடும். கல்லூரியில் வெளியே வளைந்தோடியே எல்லோரையும் முந்திப் பழகியவர்கள் என்எஃப்எல்லில் திணறுவது இங்கேதான். இங்கே லைன்பேக்கர்களும் அதே வேகத்தில் ஓடுவார்கள். கிடைத்த மூன்று யார்டை வாங்கிக்கொண்டு அடுத்த முறைக்கு எழுந்து வரும் பொறுமை வேண்டும்.

பந்து கையைவிட்டு நழுவுவது (ஃபம்பிள்) ஏன்? தடுக்க வழி உண்டா?

உண்டு, பழகினால் திருத்தலாம். பந்தின் முனையை விரல்கள் மூட வேண்டும். மறுமுனை முழங்கை மடிப்புக்குள். முன்கை வெளியே, மார்பு உள்ளே, மேற்கை மேலே. ஐந்து இடத்திலும் பந்து அழுந்தியிருக்க வேண்டும். பந்து எல்லைக்கோட்டுப் பக்கத்துக் கையில் இருந்தால் மற்றக் கை எதிரியைத் தள்ளக் கிடைக்கும்.

நழுவும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. திரும்பும்போது முழங்கை உடம்பைவிட்டு விலகுவது. முதல் ஆள் கட்டிப்பிடித்து நிறுத்தியிருக்க, இரண்டாவது ஆள் வந்து பந்தைக் குத்தித் தட்டுவது. கூடுதலாக ஒரு யார்டுக்கு ஆசைப்பட்டு விழும்போது பந்தை நீட்டுவது. இரண்டாவதுதான் அதிகம். அதனால்தான் கூட்டத்துக்குள் நுழையும்போது இரு கைகளாலும் பந்தை மூடச் சொல்லிக் கத்துவார்கள்.

நியூயார்க் ஜயண்ட்ஸின் டிக்கி பார்பர் நல்ல எடுத்துக்காட்டு. 2003இல் ஒன்பது முறை நழுவவிட்டார். அடுத்த ஆண்டு பயிற்சியாளராக வந்த டாம் காஃப்லினின் குழு பந்தை மார்புக்கு உயர்த்தி, மணிக்கட்டை முழங்கையைவிட மேலே வைத்து ஓடப் பழக்கியது. 2005இல் ஒரே ஒருமுறைதான் நழுவியது. அந்த ஆண்டு அவர் ஓடியது 1,860 யார்டு.

குவார்ட்டர்பேக்கைக் காப்பது அவ்வளவு கடினமா?

உடம்புக்குக் கடினம், மூளைக்கு அதைவிடக் கடினம். ஆட்டம் தொடங்குமுன் எதிரணியில் யார் பாய்ந்து வரக்கூடும் என்று கணிக்க வேண்டும். இருவர் வந்தால் உள்பக்கம் வருகிறவரைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்; குவார்ட்டர்பேக்கை அடைய அவருக்குத்தான் தூரம் குறைவு. யாரும் வராவிட்டால் தானே ஓடிப்போய்ப் பந்து வாங்கத் தயாராக வேண்டும். இத்தனையும் இரண்டரை விநாடிக்குள்.

இதில் ஒருமுறை தவறினால் அணியின் மிக விலையுயர்ந்த வீரர் தோள்பட்டை உடைந்து படுப்பார். ஆகவே எவ்வளவு அழகாக ஓடினாலும், இதைக் கற்காத புதியவர், பெரும்பாலும் பந்து எறியப்படும் மூன்றாவது டவுனில் வெளியே நிற்பார்.

என்எஃப்எல்லுக்குள் எப்படி நுழைவது?

பள்ளிப்படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் கிளாரெட் இதை எதிர்த்து நீதிமன்றம் போய் 2004இல் தோற்றார். 2005இல் டென்வர் அணி அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது; ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் அவர் கதை முடிந்தது.

வாசல் ஏப்ரல் மாத டிராஃப்ட். 32 அணிகள், ஏழு சுற்றுகள். 2013, 2014, 2024 டிராஃப்ட்களில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் எடுக்கப்படவில்லை. மறுபக்கம், பின்சுற்றுகளில் கிடைத்தவர்கள் பலர் கொடிகட்டிப் பறந்திருக்கிறார்கள். டெரல் டேவிஸ் 1995இல் 196ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். பிரீஸ்ட் ஹோம்ஸ், ஏரியன் ஃபாஸ்டர் இருவரையும் யாருமே எடுக்கவில்லை.

கோடை முகாமில் ஒரு அணிக்கு 90 பேர் இருப்பார்கள். ஆட்டப் பருவம் தொடங்குமுன் அது 53 ஆகச் சுருங்கும். அதில் ரன்னிங் பேக்குகளுக்கு மூன்று அல்லது நான்கு இடம். நான்காவது இடத்துக்குப் போட்டியிடுகிறவரை முடிவு செய்வது அவர் ஓட்டமல்ல. கிக்ஆஃப், பன்ட் என்ற, பந்தை உதைத்து அனுப்பும் ஆட்டங்களில் அவர் எவ்வளவு உதவுவார் என்பதே. ‘எனக்கு ஓடத்தான் தெரியும்’ என்கிறவர் வீட்டுக்குப் போவார்.

சம்பளம் எவ்வளவு?

2025இல் முதலாண்டு வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். 53 பேர் பட்டியலில் இல்லாமல் பயிற்சிக் குழுவில் மட்டும் இருக்கும் புதியவருக்கு வாரத்துக்கு 13,000 டாலர். சம்பளம் ஆட்டப் பருவத்தின் 18 வாரங்களையும் வைத்து வாரக் கணக்கில் சேரும். நடுவில் நீக்கப்பட்டால் மீதி வாரங்களின் பணம் பொதுவாகக் கிடைக்காது. ஏஜென்ட்டுக்கு அதிகபட்சம் 3 சதவீதம். ஆடும் ஊரெல்லாம் வேறு மாநிலம் என்பதால் பல மாநிலங்கள் தனித்தனியே வருமான வரி பிடிக்கும்.

செய்தியில் வரும் பெரிய எண்ணை நம்பிவிடக் கூடாது. ‘ஆறு ஆண்டு, 9 கோடி டாலர்’ என்று 2019இல் எசக்கியல் எலியட்டுக்கு எழுதினார்கள். 2023 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது உறுதி செய்யப்பட்ட தொகை எவ்வளவு, எந்த ஆண்டுவரை என்பதை மட்டும்தான். மற்றதெல்லாம் தாளில் உள்ள மை.

ரன்னிங் பேக்கின் நல்ல காலம் ஏன் மலிவாகப் போய்விடுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் இந்தத் தொழிலே புரிந்துவிடும். டிராஃப்ட்டில் வருகிறவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். தொகை எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய நிர்ணயிக்கப்பட்டது. மூன்று பருவம் முடியும்வரை மறுபேரம் பேசவே விதி இடம் தராது. முதல் சுற்று ஆள் என்றால் ஐந்தாம் ஆண்டையும் அணியே விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் ‘ஃபிரான்சைஸ் டேக்’ என்றொரு கயிறு இருக்கிறது. அதைக் கட்டினால் ஒரு நிர்ணயித்த தொகைக்கு இன்னும் ஓராண்டு பிடித்துவைக்கலாம். மறு ஆண்டும் கட்டலாம், 20 சதவீதம் கூட்டித் தந்தால் போதும்.

கூட்டிப் பாருங்கள். 22 வயதில் வருகிறவர் வெளிச்சந்தைக்குப் போய் விலை பேசும்போது 28 தாண்டியிருக்கும். குவார்ட்டர்பேக்குக்கு 28 இளமை. ரன்னிங் பேக்குக்கு அது பிற்பகல்.

டேக் தொகையும் அந்தந்த இடத்து வீரர்களின் உச்சச் சம்பளங்களை வைத்தே கணக்கிடப்படும். 2023இல் ரன்னிங் பேக்குக்கு 1.009 கோடி டாலர். பந்து பிடிக்கும் வைட் ரிசீவருக்கு 1.97 கோடி. ஒருவர் சம்பளம் குறைந்தால் அடுத்தவருடைய டேக்கும் குறையும். அதைப் பார்த்து மூன்றாமவருக்கும் குறைத்துக் கேட்பார்கள்.

அணிகள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. நல்ல தடுப்பாளர் ஐவர் இருந்தால் மூன்றாம் சுற்று ஆளும் நான்கு யார்டு ஓடுவார். ஒரு எறிதலில் சராசரியாகக் கிடைப்பது ஒரு ஓட்டத்தில் கிடைப்பதைவிட அதிகம். ஆனால் ‘யார் வேண்டுமானாலும் ஓடலாம்’ என்ற வாதத்தை நம்பி சேக்வான் பார்க்லியை விட்டுவிட்ட நியூயார்க் ஜயண்ட்ஸ் படித்த பாடத்தை மறக்க முடியாது. அவர் 2024 மார்ச்சில் மூன்றாண்டுக்கு 3.775 கோடி டாலருக்கு அதே பிரிவில் ஆடும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனார். அந்தப் பருவத்தில் 2,005 யார்டு. பருவ முடிவில் வரும் ப்ளேஆஃப் என்ற நாக்அவுட் ஆட்டங்களையும் சேர்த்து 2,504, இது புதிய சாதனை. கூடவே லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் கோப்பை. அடுத்த மார்ச்சில் ஆண்டுக்குச் சராசரி 2.06 கோடி டாலர் வீதம் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. ஆண்டுச் சராசரி இரண்டு கோடியைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் அவர்.

ஆட மறுத்து உட்கார்ந்தால் பலன் உண்டா?

முன்பு இருந்தது. 1993இல் எம்மிட் ஸ்மித் புதிய ஒப்பந்தம் கேட்டு வராமலிருந்தார். சாம்பியனான டல்லாஸ் முதல் இரண்டு ஆட்டமும் தோற்றது. உடனே பணம் வந்தது, அவரும் வந்தார். 14 ஆட்டம் மட்டுமே ஆடி அந்த ஆண்டு லீக்கிலேயே அதிகம் ஓடியவர், லீக்கின் சிறந்த வீரர், சூப்பர் பவுலின் சிறந்த வீரர் மூன்றும் அவரே.

2018இல் பிட்ஸ்பர்க்கின் லெவியன் பெல் இதையே முயன்றார். 1.45 கோடி டாலர் டேக்கில் கையெழுத்திடாமல் முழுப் பருவமும் வெளியே இருந்தார். அவர் இடத்தில் ஆடிய ஜேம்ஸ் கானர் நன்றாகவே ஓடினார். பேரம் அங்கேயே வலுவிழந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் ஜெட்ஸ் 5.25 கோடிக்கு எடுத்தது. 2020 அக்டோபரில் விடுவித்தது. உடம்புக்கு ஓராண்டு ஓய்வு கிடைத்தது உண்மை. ஆனால் அந்தப் பழைய ஓட்டம் திரும்பவில்லை.

இப்போது ஒப்பந்தத்தில் உள்ளவர் முகாமுக்கு வராவிட்டால் நாளுக்குப் பல்லாயிரம் டாலர் அபராதம். அதனால் ‘வருவேன், பயிற்சியில் இறங்க மாட்டேன்’ என்பதே இன்றைய வழக்கம்.

30 வயதில் கதை முடிந்துவிடும், ஒரு பருவத்தில் 370 முறைக்கு மேல் ஓடினால் உடைந்துவிடுவார் என்கிறார்களே?

இரண்டிலும் பாதி உண்மை. பந்தோடு ஓடும் ஒவ்வொரு முறையையும் ‘கேரி’ என்பார்கள். 1998இல் டெரல் டேவிஸ் 392 கேரி, ஜமால் ஆண்டர்சன் 410 கேரி. 1999 தொடங்கிய சில வாரங்களில் இருவருக்குமே முழங்கால் தசைநார் கிழிந்தது. 2006இல் லாரி ஜான்சன் 416 என்ற சாதனை எண்ணிக்கையைத் தொட்டார். மறு ஆண்டு பாதியில் கால் எலும்பு முறிவு. 2014இல் 392 கேரியில் 1,845 யார்டு ஓடிய டிமார்க்கோ முர்ரே அடுத்த ஆண்டு வெறும் 702.

ஆனால் எரிக் டிக்கர்சன் 1983இல் 390, 1984இல் 379, 1986இல் 404 முறை ஓடினார். 1984இல் அவர் எடுத்த 2,105 யார்டு இன்றும் ஒரு பருவச் சாதனை. ஸ்மித்தும் மூன்று பருவங்களில் 365ஐத் தாண்டினார். தவிர, டேவிஸின் முழங்கால் போனது பந்தோடு ஓடும்போதுகூட அல்ல. எதிரணி பறித்த பந்தைத் துரத்தி மடக்கப் போனபோது. 370 என்பது சுவர் அல்ல. ஒருவர் 370 முறை ஓடுகிறார் என்றால் அது அவருக்கு எல்லாம் கூடிவந்த, காயமே இல்லாத ஆண்டு. அடுத்த ஆண்டு அப்படி அமையாதது இயல்பே.

வயதும் அப்படித்தான். சரிவு 27, 28இல் தொடங்குவது பொது வழக்கு. ஆனால் 2015இல் ஏட்ரியன் பீட்டர்சன் 30 வயதில் லீக்கிலேயே அதிகம் ஓடினார். டெரிக் ஹென்றி 2024இல் 30 வயதில் 1,921. கல்லூரியிலேயே இரு முழங்காலும் கிழிந்த ஃபிராங்க் கோர் 16 பருவம் ஆடி, சொல்லிவைத்தாற்போல் சரியாக 16,000 யார்டில் நிறுத்தினார்.

என்னென்ன காயங்கள்? எவ்வளவு நாள் ஓய்வு?

அதிகம் வருவது கணுக்கால் சுளுக்கு. சாதாரணமானது என்றால் ஓரிரு வாரம். கணுக்காலுக்கு மேலே, இரு எலும்பையும் பிணைக்கும் நார் இழுபட்டால் நான்கு முதல் ஆறு வாரம். அவசரமாகத் திரும்பினால் பருவம் முழுக்க நொண்டல் தொடரும். தொடையின் பின்தசை இழுவையும் அதே மாதிரி, ஆறிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி பிடிக்கும். கால் கட்டைவிரல் மூட்டுக் காயம் வெளியே சிறிதாகத் தெரியும். ஊன்றித் திரும்புகிறவருக்கு அதுவே போதும், வேலை நின்றுவிடும்.

பெரியது ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் கிழிவு. உடம்பின் வேறிடத்து நாரை எடுத்து வைத்துத் தைப்பார்கள். திரும்ப ஒன்பது மாதம் முதல் ஓராண்டு. பீட்டர்சன் 2011 டிசம்பர் 24இல் கிழித்துக்கொண்டு 2012 செப்டம்பர் முதல் ஆட்டத்திலேயே இறங்கி 2,097 யார்டு ஓடியதை அளவுகோலாக வைக்கக் கூடாது. பலருக்கு ஆடத் தொடங்கிய பிறகும் பழைய வெட்டுத் திருப்பம் கைகூட இன்னும் ஓராண்டு ஆகும். டாட் கர்லிக்கு 2018இல் 5.75 கோடி டாலர் நீட்டிப்பு கிடைத்தது. கல்லூரியில் கிழிந்த முழங்கால் மறுபடி தொல்லை கொடுத்தது. அந்த நீட்டிப்பு ஆண்டுகள் தொடங்குமுன்பே 2020 மார்ச்சில் அவருடைய அணியான ராம்ஸ் அவரை விடுவித்தது. அப்போது வயது 25.

தலையில் அடி தனி விஷயம். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, ஐந்து படிகளாகப் பயிற்சியைக் கூட்டி, சுயேச்சை மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகே விடுவார்கள். அடிமேல் அடி பட்டதால் வரும் சிடிஇ என்ற மூளைச் சிதைவை இறந்தபின் மூளையை ஆய்ந்தே உறுதி செய்ய முடிகிறது.

ஆட்ட வாரம் எப்படிப் போகும்?

ஞாயிறு ஆட்டம் என்றால் திங்கள் சிகிச்சை, பனிக்கட்டித் தொட்டி, ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தல். செவ்வாய் விடுமுறை, அன்றும் பெரும்பாலோர் மசாஜுக்கும் சிகிச்சைக்கும் வந்துவிடுவார்கள். புதன், வியாழன் முழுப் பயிற்சி, வெள்ளி இலேசு, சனி பயணம். திங்களைவிடச் செவ்வாய் காலையில்தான் வலி அதிகம். ஞாயிறு ஆடி வியாழன் மறுபடி ஆட வேண்டிய வாரங்களில் இந்த வரிசை முழுவதும் மூன்று நாளில் அடங்கும். அதை விரும்பும் ரன்னிங் பேக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எப்போது ஓய்வு பெறுவது நல்லது? பிறகு என்ன கிடைக்கும்?

மூன்று பருவம் கணக்கில் சேர்ந்தால் ஓய்வூதியத் தகுதி உறுதியாகும். தகுதி பெற்றவருக்கு ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டு மருத்துவக் காப்பீடும் தொடரும். சிக்கல் என்னவென்றால், ரன்னிங் பேக்கின் சராசரி ஆட்டக்காலம் மூன்று ஆண்டுக்கும் குறைவு என்பது வீரர் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு. தொடக்க நாள் பட்டியலில் இடம்பிடித்தவர்களை மட்டும் எண்ணி லீக் சொல்லும் சராசரி இதைவிட அதிகம். எப்படிப் பார்த்தாலும் முதல் ஒப்பந்தப் பணத்தையே கடைசிப் பணமாக நினைத்துச் செலவு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

உச்சத்தில் விலகியவர்கள் உண்டு. ஜிம் பிரவுன் ஒன்பது பருவங்களில் எட்டில் லீக்கிலேயே அதிகம் ஓடி, ஒரு ஆட்டமும் தவறவிடாமல், 1966இல் 30 வயதில் நிறுத்தினார். பேரி சாண்டர்ஸ் 15,269 யார்டோடு, அன்றைய சாதனையான வால்டர் பேட்டனின் 16,726க்கு ஏறக்குறைய ஒரு பருவத் தூரத்தில், 1999இல் ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு விலகினார். எதிர்ப்பக்கம் ஏர்ல் கேம்பல். மோதித் தள்ளிக்கொண்டே ஓடியவர். முதல் மூன்று பருவமும் லீக்கின் முதலிடம். எட்டு பருவத்தில் ஓய்வு. பிற்காலத்தில் முதுகெலும்பும் முழங்காலும் கெட்டுச் சக்கர நாற்காலி தேவைப்பட்டது.

புகழ் மண்டபத்தில் இடம்பெற எத்தனை யார்டு வேண்டும்?

இத்தனை என்று வரம்பு இல்லை. கடைசியாக ஆடி ஐந்து ஆண்டு கழிய வேண்டும் என்பது மட்டுமே விதி. எம்மிட் ஸ்மித் 2010இல் முதல் வாய்ப்பிலேயே நுழைந்தார். வெறும் 78 ஆட்டங்களில் 7,607 யார்டு எடுத்த டெரல் டேவிஸை ‘காலம் போதாது’ என்று பத்தாண்டாக வெளியே நிறுத்தினார்கள். 2017இல்தான் கதவு திறந்தது.